கைநாட்டிலிருந்து கையெழுத்துக்கு: வெம்பக்கோட்டை வட்டாரத்தில் வயது வந்தோர் எழுத்தறிவு

விருதுநகர் மாவட்டம் வெம்பக்கோட்டை வட்டாரத்தில் வயது வந்தோர் எழுத்தறிவின் வரலாறு, தீப்பெட்டி, பட்டாசுத் தொழில்களின் வரலாற்றிலிருந்து பிரிக்க முடியாதது. வைப்பாற்றை ஒட்டிய இந்தக் கரிசல் காட்டில் தாயில்பட்டி, ஏழாயிரம்பண்ணை, வெற்றிலையூரணி, விஜயகரிசல்குளம் எனச் சிதறிக் கிடக்கும் ஊர்கள், வானத்தை நம்பிப் பருத்தியும் கம்பும் சோளமும் விதைத்தவை. மழை பொய்த்த ஆண்டுகளில் குடும்பங்களுக்குக் கஞ்சி ஊற்றியது சிவகாசி, சாத்தூர் பக்கத்து ஆலை வேலை. அதே வேலைதான் இரண்டு தலைமுறைப் பிள்ளைகளை, அதிலும் பெண்பிள்ளைகளை, பள்ளிக்கூட வாசலிலிருந்து இழுத்துக்கொண்டது. பிற்காலத்தில் முதியோர் கல்வி வகுப்புகளில் சிலேட்டோடு வந்து உட்கார்ந்தவர்களில் பலர் அந்தப் பிள்ளைகளே.

ஆலைகள் வருவதற்கு முன்பும் எழுத்து எல்லோருக்கும் உரியதாக இருக்கவில்லை. 1910-இல் ராமநாதபுரம் மாவட்டம் உருவாகும்வரை சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பகுதிகள் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822-இல் உத்தரவிட்டு எடுத்த கணக்கின்படி, மாகாணம் முழுவதும் 12,498 பள்ளிகளும் அவற்றில் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். மக்கள்தொகை அப்போது சுமார் 1 கோடியே 28 லட்சம். பெரும்பாலும் அவை திண்ணைப் பள்ளிகள். மணலில் விரலால் எழுதத் தொடங்கி, எண்சுவடியும் நீதிநூல்களும் மனப்பாடமாகி, கடைசியில் ஏட்டில் எழுத்தாணி பிடிப்பது வரை பாடம் போகும். கணக்கு எழுதவும் ஓலை படிக்கவும் தேவைப்பட்ட குடும்பத்து ஆண்பிள்ளைகளோடு அந்தக் கல்வி நின்றது. பெண்கள் மிகச் சிலரே. நிலத்தில் கூலிக்குப் பாடுபட்ட ஒடுக்கப்பட்ட சாதியாருக்குத் திண்ணையில் இடம் கிடைப்பது அரிது.

19-ஆம் நூற்றாண்டின் நடுவில் சர்ச் மிஷனரி சங்கத்தார் வடதிருநெல்வேலியில் ஊர் ஊராகச் சென்று பணிசெய்தனர். சிவகாசியை அடுத்த சாட்சியாபுரம் அவர்களுடைய நிலையமானது. விசுவாசி என்றால் வேதத்தைத் தானே வாசிக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு, வளர்ந்தவர்களையும் பெண்களையும் எழுத்துக்கூட்ட வைத்தது. அந்நூற்றாண்டின் இறுதியில் விருதுநகர் நாடார் உறவின்முறையார் தங்கள் வியாபாரத்தின் மகமைப் பணத்தாலும், வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசி எடுத்துவைத்துச் சேர்த்த வருவாயாலும் க்ஷத்திரிய வித்தியாசாலையை நடத்தினார்கள். 1903-இல் பிறந்த காமராஜர் படித்தது அங்கேதான். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் கடைக்குப் போன அவர், நாளிதழ்களையும் அரசியல் நூல்களையும் வாசித்துத் தம்மைத் தாமே படிப்பித்துக்கொண்டார்.

1922-இல் சிவகாசியைச் சேர்ந்த பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுத் திரும்பினர். மழை குறைந்த, காற்று வறண்ட இப்பகுதி அந்தத் தொழிலுக்கு வாய்த்த இடம். வேலையில்லாத கைகளும் ஏராளம். தீப்பெட்டியிலிருந்து மத்தாப்பும், 1940-களில் பட்டாசும் வளர்ந்தன. பெட்டிமேல் ஒட்டும் லேபிளுக்காக வந்த அச்சகங்கள் நாட்காட்டி, டைரி, நோட்டுப்புத்தகம், பாடநூல் என்று பெருகி, இந்தியாவின் பெரிய அச்சு மையங்களில் ஒன்றாகச் சிவகாசியை ஆக்கின. பக்கத்துச் சாத்தூரில் பேனா நிப்பு செய்வது குடிசைத் தொழிலாகவே நடந்தது. பந்துமுனைப் பேனா வந்து அதை ஒழிக்கும்வரை சாத்தூர் நிப்புக்குத் தனிப்பெயர் இருந்தது. நாட்டுக்குத் தாளும் பேனாவும் பாடப்புத்தகமும் அனுப்பிய வட்டாரம் இது. அந்தச் செல்வத்திலிருந்து சுற்றுக் கிராமத்துப் பெண்களுக்கு எழுத்து வந்துசேர மேலும் பல பத்தாண்டுகள் ஆயின என்பது தமிழகக் கல்வி வரலாற்றின் வேதனையான பக்கம்.

அதற்குக் காரணம் வேலையின் அமைப்பிலேயே இருந்தது. மரச்சட்டத்தில் குச்சி அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, நிரப்புவது, வெடிக்குத் தாள் சுருட்டுவது, சரம் பின்னுவது ஆகியவை சின்ன விரல்களும் செய்யக்கூடியவை. கூலி நாளுக்கு இல்லை, எண்ணிக்கைக்கு. எத்தனை கை சேர்ந்தாலும் அத்தனைக்கும் காசு. 1970-களிலும் 80-களிலும் ஆலை வண்டிகள் விடியுமுன்பே கிராமங்களுக்கு வந்து பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, இருட்டிய பிறகே கொண்டுவந்து இறக்கின. பல குடும்பங்கள் முன்பணம் வாங்கியிருந்ததால் பிள்ளையை நிறுத்திவிடவும் முடியாது. அண்ணனோ தம்பியோ பள்ளிக்குப் போக, அக்காவின் கூலி அந்த வீட்டை நடத்தியது. ஒட்டிய பெட்டிக்கும் அடுக்கிய சட்டத்துக்கும் கணக்கு எழுதியவர் கணக்குப்பிள்ளை. அதைச் சரிபார்க்கத் தொழிலாளிக்கு எழுத்தும் தெரியாது, எண்ணும் தெரியாது.

அரசு சும்மா இருந்துவிடவில்லை. காமராஜர் முதலமைச்சராக இருந்த 1954 முதல் 1963 வரையிலான காலத்தில் சிற்றூர்களிலும் பள்ளிகள் திறக்கப்பட்டன. 1956-இல் மதிய உணவுத் திட்டம் பக்கத்து எட்டயபுரத்திலிருந்து தொடங்கிப் பரவியது. ஆனால் ஒருவேளைச் சோறு, பிள்ளையின் வாரக்கூலிக்கு ஈடாகவில்லை. சேர்க்கைப் பதிவேட்டில் பெயர் ஏறிய பெண்பிள்ளைகள் மூன்றாம் வகுப்பிலோ ஐந்தாம் வகுப்பிலோ நின்றுபோனார்கள். எழுத்து கைக்குப் படியுமுன் விட்டுப்போனால் சில ஆண்டுகளில் அது மறந்தும் போகும். 1951 கணக்கெடுப்பில் இந்தியாவின் எழுத்தறிவு 18.33 சதவீதம், பெண்களுக்கு 8.86 சதவீதம். அந்த அடித்தளத்திலிருந்து ஏறவேண்டிய நாட்டில், ஏறிய படியிலிருந்தே ஒரு தலைமுறை சறுக்கியது.

வளர்ந்தவர்களுக்குத் தனியாகக் கல்வி வேண்டும் என்ற எண்ணம் விடுதலைக்கு முந்தைய ராப்பள்ளிகளிலேயே உண்டு. நாடு தழுவிய முதல் பெருமுயற்சி, 1978 அக்டோபர் 2 அன்று தொடங்கிய தேசிய வயது வந்தோர் கல்வித் திட்டம். 15 முதல் 35 வயது வரையுள்ள 10 கோடிப் பேரை ஐந்தாண்டில் எழுத்தறிவு பெறச் செய்வது அதன் இலக்கு. மையத்துக்கு 30 பேர், நடத்துபவருக்கு மாதம் 50 ரூபாய். அரிக்கேன் விளக்கடியில் நடந்த அந்த ‘முதியோர் பள்ளிக்கூடம்’ இன்றும் வயதானவர்கள் நினைவில் நிற்கிறது. ஆனால் அதை ஊர் தன் காரியமாக எடுத்துக்கொள்ளவில்லை. நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை செய்துவிட்டு வந்த பெண், சமையல் முடித்து, மறுபடி உட்கார்ந்து அ, ஆ எழுதுவதற்கு அவளுக்குத் தோன்றக்கூடிய காரணம் எதையும் அந்த வகுப்பு தரவில்லை.

இதற்கிடையே பிள்ளைத் தொழில் நாட்டின் கவனத்துக்கு வந்தது. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் தடுப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. 1987-இல் தேசியக் கொள்கை அறிவிக்கப்பட்டு, அதன்படி 1988-இல் தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தில் சிவகாசி முதல் வரிசையில் இடம்பெற்றது. வேலையிலிருந்து மீட்ட பிள்ளைகளுக்குச் சிறப்புப் பள்ளிகள் நடந்தன. சலம் பென்னூர்கர் 1990-இல் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படம் இந்த வட்டாரத்துப் பிள்ளைகளின் நாளை உலகுக்குக் காட்டியது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறி அமர்த்திய ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும், அந்தப் பிள்ளையின் குடும்பத்தில் வளர்ந்த ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும் என்றது. சட்டமும் பள்ளியும் நெருக்கியதால் அடுத்த பிள்ளைகள் தப்பினார்கள். ஏற்கெனவே வளர்ந்துவிட்டவர்கள் கைநாட்டோடு நின்றார்கள்.

அவர்களைத் தேடி வந்தது அறிவொளி இயக்கம். 1988 மே 5 அன்று தேசிய எழுத்தறிவு இயக்கம் நிறுவப்பட்டது. 1990 பிப்ரவரியில் கேரளத்தின் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டபின், மாவட்டம் முழுவதையும் ஒரே மூச்சில் எழுப்பும் அந்த முறை அறிவொளி என்ற பெயரில் தமிழ்நாட்டுக்குப் பரவியது. மாவட்ட ஆட்சியர் தலைமை, தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தாரின் உழைப்பு, சம்பளமில்லாத் தொண்டர்கள் ஆகிய மூன்றும் சேர்ந்த அமைப்பு அது. 1985-இல் ராமநாதபுரத்திலிருந்து பிரிந்து, பின்னர் 1997-இல் விருதுநகர் என்று பெயர் மாறிய காமராஜர் மாவட்டத்திலும் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி ஏற்றப்பட்டது. பேராசிரியர் ச. மாடசாமி, எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் போன்ற கரிசல் பக்கத்து ஆட்கள் இந்த இயக்கத்துக்குள் முழுமூச்சாக இறங்கினார்கள். நெல்லை மாவட்ட அறிவொளியில் பணியாற்றிய தமிழ்ச்செல்வனின் ‘இருளும் ஒளியும்’ அந்த நாட்களின் முதன்மையான பதிவுகளில் ஒன்று.

முதலில் பாட்டும் வீதி நாடகமும் ஊருக்குள் வந்தன. பாடம் அதற்குப் பிறகு. கலைக்குழு மந்தையில் ஆடிவிட்டுப் போனதும், அதே ஊரில் பத்தாவது, பன்னிரண்டாவது படித்த பெண்ணோ பையனோ தொண்டராவார். தொண்டருக்குப் பத்துப் பேர் அளவில் கற்போர். வகுப்பு நடந்தது வீட்டுத் திண்ணை, கோயில் வாசல், தெருவிளக்கடி என்று வாய்த்த இடத்தில். ஆலை வண்டி வந்து இறக்கிவிட்டு, அடுப்புவேலை ஓய்ந்த இரவு எட்டு மணிக்கு மேல். அக்கா என்றும் மதினி என்றும் பெரியம்மா என்றும் கூப்பிட்டுப் பழகியவர்களுக்கே எழுத்துச் சொல்லித்தரும் நிலை அந்தப் பிள்ளைகளுக்கு வாய்த்தது. வயதில் மூத்தவர் கூச்சம் விட்டு எழுத உட்கார, உறவுமுறை பெரிய துணையாக இருந்தது.

பாடநூலின் வரிசையும் புதிது. 247 எழுத்தையும் மனப்பாடம் செய்தபிறகே சொல்லுக்குப் போவது பழைய முறை. அறிவொளிப் பாடம் எழுத எளிதான ட, ப, ம போன்ற வடிவங்களையும், உழைப்பாளியின் வாழ்வில் எடை உள்ள சொற்களையும் கொண்டு தொடங்கியது. ‘பட்டா’, ‘படி’ என்பவை தொடக்கப் பாடத்துச் சொற்கள். நிலமில்லாத பெண் முதலில் எழுதப் பழகியது நிலத்துக்கு உரிமை தரும் தாளின் பெயரை. 1963-இல் பிரேசிலின் அங்கிகோஸ் ஊரில் பாவ்லோ பிரெய்ரே சுமார் 300 உழைப்பாளர்களுக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவித்தபோது கையாண்டதும் இதே வழி. அவர்கள் வாழ்க்கையைச் சுமக்கும் சில சொற்களைப் பேசி, விவாதித்து, பிறகு பிரித்து எழுத வைத்தார். சொல் முன்னே, எழுத்து பின்னே என்ற இந்த மாற்றம்தான் களைத்த உடம்போடு வந்தவர்களை வகுப்பில் உட்கார வைத்தது.

எழுத்தறிவு பெற்றவர் என்பதற்குத் தேசிய எழுத்தறிவு இயக்கம் வைத்திருந்த அளவுகோல் திட்டமானது. எளிய பத்தியை நிமிடத்துக்கு 30 சொல் வாய்விட்டுப் படிக்க வேண்டும், மனத்துக்குள் 35. பார்த்து எழுதுவதானால் நிமிடத்துக்கு 7 சொல், சொல்லக் கேட்டு எழுதுவதானால் 5. ஒன்று முதல் நூறு வரை எண் தெரிய வேண்டும். சிறு கூட்டலும் கழித்தலும் பெருக்கலும் வகுத்தலும் போட வேண்டும். ஒட்டுகளெல்லாம் சேர்ந்து ஒரே சொல்லாக நீளும் தமிழில் முப்பது சொல் என்பது குறைந்த சுமை இல்லை. பஸ் நின்று போவதற்குள் அதன் ஊர்ப்பெயர்ப் பலகையைப் படித்துவிடவும், ரேஷன் கடைச் சீட்டில் எழுதியதும் கையில் வந்ததும் ஒன்றா என்று பார்க்கவும் அந்த வேகம் போதும். பத்திரத்தில் கையெழுத்துப் போடுமுன் அதைப் படித்துப் புரிந்துகொள்ள அது போதாது.

எழுத்து சேர்ந்த இடத்தில் வேறு பலவும் சேர்ந்தன. புதுக்கோட்டையில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்து அறிவொளியில் பெண்கள் ஆயிரமாயிரமாகச் சைக்கிள் பழகினார்கள், பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதி அது உலகறிந்தது. ஆந்திரத்தின் நெல்லூர் மாவட்டம் துபகுண்டாவில் எழுத்தறிவு வகுப்பில் படித்த கதையிலிருந்து பேச்சு கிளம்பி, 1992-இல் பெண்கள் சாராயக் கடையை மூடவைத்தார்கள். பட்டாசுப் பகுதியில் இப்படிப் பெயர்பெற்ற ஒரு நிகழ்ச்சி இல்லை. இங்கே நடந்த மாற்றம் சிறியது, ஆனால் ஆழமானது. கூலிப் பதிவில் தன் பெயர் எந்த வரியில் இருக்கிறது, எதிரே எந்த எண் இருக்கிறது என்று பார்க்கத் தெரிந்த தொழிலாளியோடு கணக்குப்பிள்ளை பேசும் விதம் மாறியே தீரும்.

இயக்கம் ஓய்ந்தபின் நிலைமை சறுக்கியதையும் சொல்ல வேண்டும். சம்பளமில்லாத தொண்டர் கல்யாணமாகி வேறூருக்குப் போனதும் வகுப்பு நின்றது. படிக்கப் பொருளில்லாத இடத்தில் கற்ற எழுத்து மங்கியது. பலருக்குக் கையெழுத்து மட்டும் மிஞ்சியது. மறதியைத் தடுக்க வந்த வளர்கல்வி மையங்களில் சில நன்றாக நடந்தன, பல பெயரளவில் இருந்தன. எழுத்தை நடைமுறையில் உயிரோடு வைத்தது மகளிர் சுயஉதவிக் குழு. 1989-இல் தருமபுரியில் தொடங்கி மாநிலம் முழுவதும் பரவிய இந்த அமைப்பில், தீர்மானப் புத்தகம், சேமிப்புப் புத்தகம், வங்கிச் சலான் எல்லாவற்றிலும் பெயர் எழுத வேண்டும். 2008-இல் எல்லா மாவட்டங்களுக்கும் வந்த நூறுநாள் வேலைத் திட்டம் அட்டையையும் வருகைப் பதிவையும் கொண்டுவந்தது. கையெழுத்து வாராவாரம் தேவைப்பட்ட பெண்கள் அதை மறக்கவில்லை.

பட்டாசு ஆலைக்குள் எழுத்தறிவின் பயன் இன்னும் கூர்மையானது. வெடியுப்பு எனப்படும் பொட்டாசியம் நைட்ரேட்டும் பொட்டாசியம் குளோரேட்டும் பார்வைக்கு இரண்டுமே வெள்ளைத்தூள். நைட்ரேட்டைக் கந்தகத்தோடும் கரியோடும் கலப்பது பழங்காலக் கருமருந்து முறை. குளோரேட்டைக் கந்தகத்தோடு கலந்தால் உரசலே போதும், பற்றிக்கொள்ளும். அதனால் அந்தக் கலவை வெள்ளையர் காலத்திலிருந்தே இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. மூட்டைமேல் அச்சிட்ட பெயரைத் தவிர இந்த இரண்டையும் பிரித்தறியத் தொழிலாளிக்கு எளிய வழி எதுவும் கிடையாது. வெடிபொருள் விதிகளின்படி ஒவ்வோர் அறையிலும் எந்த வேலை நடக்கலாம், ஒரே நேரத்தில் எத்தனை பேர் இருக்கலாம், எத்தனை கிலோ மருந்து வைக்கலாம் என்று எழுதி வைக்க வேண்டும். அதைப் படிக்கத் தெரிந்தவர்தான், நாலு பேர் இருக்கவேண்டிய அறையில் பத்துப் பேரை உட்காரச் சொன்னால், அது விதிமீறல் என்று அறிவார்.

விபத்துகளின் பட்டியல் நீண்டது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் சுமார் 40 பேர். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர். 2024 பிப்ரவரி 17 அன்று வெம்பக்கோட்டை அருகே ராமுதேவன்பட்டியில் 10 பேர் இறந்தனர். தொழிலாளிக்குப் படிப்பில்லாததால் விபத்து நேர்ந்தது என்று சொல்வது அநியாயம். அளவுக்கு மீறி மருந்தும் ஆளும் சேர்ப்பது, உரிமத்தை உள்குத்தகைக்கு விடுவது, மரத்தடியில் வேலை வாங்குவது ஆகியவை நடத்துபவரின் குற்றம். அவற்றைத் தடுப்பது ஆய்வாளரின் கடமை. எழுத்தறிவு தொழிலாளிக்குத் தருவது தன் ஆபத்தைத் தானே அறியும் உரிமையை. இழப்பீட்டு விண்ணப்பம், காப்பீடு, வருங்கால வைப்புநிதி என்று பின்னால் வரும் தாள்களை அந்நியர் தயவில்லாமல் பார்க்கும் வலுவும் அதில்தான் வருகிறது.

பள்ளி கைவிட்டவர்களுக்கும் வாசிப்பு எவ்வளவு தூரம் வழிவிடும் என்பதற்கு இந்த மண்ணிலேயே சான்று உண்டு. வெம்பக்கோட்டைக்கு அருகிலுள்ள மேலாண்மறைநாட்டில் 1951-இல் பிறந்த மேலாண்மை பொன்னுச்சாமி ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்குப் போகவில்லை. ஊரிலேயே சிறுகடை வைத்துப் பிழைத்தபடி கிடைத்த நூல்களையெல்லாம் படித்தார். 1970-களிலிருந்து கரிசல் உழவர், கூலிகளின் வாழ்வைக் கதையாக்கினார். ‘மின்சாரப் பூ’ சிறுகதைத் தொகுப்புக்காக அவருக்கு 2007-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. 2017-இல் அவர் மறைந்தார். அவருக்கு இருந்த திறமை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் புத்தகம் இருக்கும் வாய்ப்பை ஊர்தோறும் உண்டாக்க முடியும். 2006-க்குப் பின் ஊராட்சிகளில் கட்டப்பட்ட நூலகங்கள் அந்த நோக்கத்தில் எழுந்தவையே. திறந்து வைக்கவும் நாளிதழ் போடவும் ஆளில்லாமல் பூட்டியே கிடந்த கட்டடங்கள் அந்த நோக்கத்துக்குத் துரோகம் செய்தன.

2011 கணக்கெடுப்பில் விருதுநகர் மாவட்டத்தின் எழுத்தறிவு 80 சதவீதத்தைச் சற்றுத் தாண்டியது. மாநிலச் சராசரியும் ஏறக்குறைய அதுதான். ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே சுமார் 15 புள்ளி வித்தியாசம். 1980-இல் பத்து வயதில் குச்சி அடுக்கிய சிறுமிக்கு அந்தக் கணக்கெடுப்பின்போது வயது 41. மாவட்டச் சராசரி அவளை மறைத்துவிடும். 2009 செப்டம்பர் 8 அன்று தொடங்கிய ‘சாக்ஷர் பாரத்’ திட்டம் 2001-இல் பெண் எழுத்தறிவு 50 சதவீதமோ அதற்குக் கீழோ இருந்த மாவட்டங்களையே முக்கியமாகத் தேர்ந்தெடுத்தது. அந்த வரம்பைக் கடந்திருந்ததால் விருதுநகர் அதில் சேரவில்லை. சராசரியை வைத்துத் திட்டம் போட்டால், உள்ளே இருக்கும் பள்ளமான ஊர்கள் விடுபட்டுப் போகும். 2018-இல் முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலில் தமிழ்நாட்டிலிருந்து ராமநாதபுரமும் விருதுநகரும் இடம்பெற்றபோது மாவட்டத்தின் பின்தங்கிய நிலை அரசின் கண்ணில் பட்டது.

2020-இல் ‘கற்போம் எழுதுவோம்’ இயக்கம் வந்தது. 2022 முதல் 2027 வரைக்கான புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் இப்போது நடப்பில் உள்ளது. 15 வயதுக்கு மேற்பட்ட, எழுதப் படிக்கத் தெரியாத அனைவரும் இதில் சேரலாம். உள்ளூர்ப் பள்ளியை மையமாகக் கொண்டு, ஊதியமில்லாத் தன்னார்வலர் 200 மணி நேரம் பாடம் நடத்துவார். படிப்பு, எழுத்து, எண் ஒவ்வொன்றுக்கும் 50 என்று 150 மதிப்பெண்ணுக்குத் தேர்வு வைத்துச் சான்றிதழ் தரப்படுகிறது. வங்கி, கைப்பேசி, சட்ட உரிமை பற்றிய பாடங்களும் சேர்க்கப்பட்டுள்ளன. பட்டாசு வட்டாரத்து வகுப்புக்குத் தனியாகத் தேவைப்படுவன மூன்று: ஆலை விடுகிற நேரத்துக்கு ஏற்ற வகுப்பு வேளை, தீபாவளிக்கு முந்தைய வேலை நெருக்கடியில் விட்டுப்போன பாடத்தைத் தொடர வழி, மருந்துப் பெயர்களும் அறை எச்சரிக்கைகளும் கூலிச்சீட்டும் கொண்ட வாசிப்புப் பாடம். தேர்வெழுதிச் சான்றிதழ் வாங்கியபின் படிக்க என்ன கிடைக்கும் என்பதை ஊராட்சியும் நூலகத் துறையும் ஆலை நடத்துவோரும் சேர்ந்து முடிவுசெய்தால், அறிவொளிக்குப் பின் நேர்ந்த மறதி இந்தமுறை நேராது.